நகர்ந்தால்தான் டிக்கெட்

டென்ட் கொட்டகையில் படம் தொடங்குவதற்கு முன்னால் ஸ்லைடு காட்டுவார்களே, பல்பொடி விளம்பரம், மூக்குப்பொடி விளம்பரம், 'முன்னால் இருப்பவர் தலைமேல் காலை நீட்டாதீர்' என்று, அதெல்லாம் முடிகிற வரைக்கும் கண்டக்டர் மாமா வெளியேதான் நிற்பார். காசு கையில் தயாராக இருக்கும். கூட வந்தவர்கள் உள்ளே போய் மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்திருப்பார்கள். இவர் மட்டும் படுதாவை ஒரு விரலால் விலக்கித் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். திரையில் யாராவது ஒரு காலை எடுத்து வைத்ததுதான் தாமதம்.

"ஆங், நவுந்துச்சு!" என்று காசை நீட்டிவிட்டு உள்ளே ஓடி வருவார்.

ஸ்லைடு நகராது; அதற்குக் காசு கிடையாது. படம் நகரும், அதற்கு உண்டு. நடுவில் பிலிம் அறுந்துபோய்ப் படம் நின்றுவிட்டால் எழுந்து கொட்டகைக்காரரிடம் போவார். நின்ற நேரத்துக்குக் காசைத் திருப்பிக் கேட்பார். கொட்டகைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

"நைனா, உன்னாண்ட துட்டே வாங்கல. நீ ஓசிலயே பாரு. என்ன உட்டுடு."

"ஓசில பாக்க நான் இன்னா உன் மச்சானா? நவுந்தா குடுப்பேன். நின்னா கேப்பேன். அவ்ளோதான் கணக்கு."

இதுதான் அவருடைய முழுத் தத்துவமும். நகருகிற எதற்கும் டிக்கெட் வாங்கலாம், கொடுக்கலாம். நகராத எதற்கும் கூடாது. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு மனுஷர் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் எத்தனை பேரைத் தலைசுற்ற வைக்க முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் அவர் வேறு யாரோ ஆகிவிடுவார். எங்கள் சந்தில் அவர் கண்டக்டர். எனக்குக் கண்டக்டர் மாமா. அவர் வீட்டுச் சுவரும் எங்கள் வீட்டுச் சுவரும் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவர் மனைவி, எனக்கு அத்தை, இருமினால் இந்தப் பக்கம் எங்கள் காலண்டர் ஆடும்.

ட்ராம் ஓடிய காலத்தில் அவர் ட்ராம் கண்டக்டர். ட்ராம் நின்றுபோன பிறகும் அந்தக் காக்கிக் கோட்டைக் கழற்றவில்லை. தோல்பையையும் கழற்றவில்லை. தரையில் நிற்கும்போதுகூடக் காலை அகட்டி லேசாக ஆடிக்கொண்டுதான் நிற்பார். ரேஷன் கடை வரிசையில் நின்றால் வலது கை தானாக மேலே போய், இல்லாத ட்ராம் பிடிவாரைத் தேடும். பேசும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் 'டிக், டிக்' என்று எதையோ ஓட்டை போட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் சந்துக் குழந்தைகள் பூவரச இலையைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். நகத்தால் ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்து, "பத்திரமா வெச்சிக்கோ, செக்கிங் வருவாங்கோ" என்பார்.

ட்ராம் நாட்களில் நடந்த ஒன்றை எங்கள் அப்பா சாப்பாட்டுக்கு நடுவில் சொல்லிச் சொல்லிப் புரையேறுவார். ஒரு நாள் மத்தியானம் கரண்டு நின்று, மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் மாமாவின் வண்டி மரம்போல நின்றுவிட்டதாம். வெளியே தார் உருகுகிற வெயில். மாமா படியில் நின்று தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டாராம், "வா, வா, நெழல் கீது, உக்காரு" என்று. பென்ஷன் கிழவர்கள் ஏறினார்கள். மீன் விற்றுத் திரும்பிய பெண்கள் கூடையோடு ஏறினார்கள். ஒருவர் செய்தித்தாளை விரித்தார். ஒருவர் சவரம் செய்துகொள்ள நாவிதரையே கூட்டிக்கொண்டு ஏறிவிட்டார். அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் வந்தார்.

"என்னய்யா இது? வண்டி நெறைய ஆள் இருக்கு, ஒருத்தர் கையிலயும் டிக்கெட் இல்லே?"

"வண்டி நவுரல சார்."

"நகரலைன்னா?"

"நவுராத வண்டி வண்டி இல்ல சார். பெஞ்சி. பெஞ்சில குந்தறதுக்கு எப்டி சார் துட்டு வாங்குறது?"

இன்ஸ்பெக்டர் குற்றம் எழுதப் பென்சிலை எடுக்கும்போதே கரண்டு வந்து வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. "நவுந்துச்சு! டிக்கெட், டிக்கெட்!" என்று மாமா பையைத் திறந்தாரோ இல்லையோ, வலையிலிருந்து மீன் தெறிக்கிறமாதிரி இரண்டு பக்கமும் ஆட்கள் குதித்தார்கள். சவரம் பாதியில் நின்ற ஆள் மட்டும் நாவிதருக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிக்கொண்டு கடைசி நிறுத்தம் வரைக்கும் போனார்.

அந்தத் தத்துவம் சில இடங்களில் அவரையே மாட்டிவிடும். கலங்கரை விளக்கத்தின் மேலே ஏற டிக்கெட் உண்டு என்று யாரோ சொல்லி, அத்தையையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அடியில் போய் நின்றதும் சந்தேகம் வந்துவிட்டது.

"மேல விளக்கு சுத்துது. அது நாயம். ஆனா நாம ஏறி நின்னா நாம சுத்த மாட்டோமே?"

"மாமா, படியில் ஏறுகிறோமே, அது நகர்வதுதானே?" என்றேன் நான்.

"படி நவுருதா, நாம நவுர்றோமா? நம்ம கால்ல நாம நவுர்றதுக்கு நாமதான் அவன்கிட்ட துட்டு கேக்கணும்."

யோசித்து யோசித்து, மூடுகிற நேரம் ஆகிவிட்டது. வீட்டு வாசலுக்கு வந்ததும் அத்தை, "ஊர்ல இல்லாத புருஷன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அத்தைக்குப் பெரிய உடம்பு, சின்ன மூச்சு. இழுப்பு. அவள் அதைப் பூனை என்பாள். "இன்னிக்கி பூன தூங்குது" என்றால் நல்ல நாள். "பூன எழுந்துடுச்சுடி" என்றால் நான் ஓடிப்போய் வெந்நீர் வைக்க வேண்டும். எங்கள் சந்து இருந்த இடம் அப்படி. ஒரு பக்கம் ரயில் பாதை, ஒரு பக்கம் துறைமுகத்து நிலக்கரிக் குவியல். காலையில் வெள்ளையாகக் காயப்போட்ட வேட்டி சாயங்காலம் கறுப்புக் கம்பளிமாதிரி ஆகிவிடும். கடற்கரைக்குப் போகலாம் என்றால் அங்கே கருவாடு காயும். அந்த வாசனைக்குப் பூனை உடனே எழுந்துவிடும். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: தினமும் சாயங்காலம் மரம் இருக்கிற இடத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இந்த மார்பு தாங்காது.

மரம் இருந்தது ஒரே இடத்தில்தான். எங்கள் பார்க்கில். புன்னை மரங்கள், கொஞ்சம் புல், மல்லிகைப் பாத்தி, சிமெண்டு பெஞ்சுகள், நடுவில் ஒரு கம்பத்தில் ரேடியோப் பெட்டி. சாயங்காலம் ஆனால் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், வலைக்காரக் குடும்பங்கள், அச்சாபீஸ்காரர்கள், குழந்தைகள் எல்லாரும் அங்கேதான். அத்தைக்குப் புன்னை மரத்தடி பெஞ்சு. ரேடியோவில் ஹரிகதை வந்தால் பூனை உட்பட எல்லாவற்றையும் மறந்துவிடுவாள்.

அந்தப் பார்க்கின் வாசலில்தான் ஒரு நாள் ஒரு ஸ்டூலும், அதன்மேல் ஒரு ஆளும், அவன் கையில் ஒரு டிக்கெட் கட்டும் வந்து உட்கார்ந்தன. எந்த ஆபீஸ் எந்த ஆபீஸுக்கு எழுதி இது நடந்தது என்று கடைசிவரைக்கும் எங்களுக்குத் தெரியவில்லை. பார்க்கைப் பராமரிக்கக் குத்தகைக்கு விட்டாகிவிட்டதாம். எடுத்தவர் சோடா பாக்டரிக்காரர். முள்கம்பி வேலியைப் புதுப்பித்து, ஒரே ஒரு வாசல் வைத்து, ஆளுக்கு அரையணா என்று போர்டு மாட்டிவிட்டார். மாமா அத்தையைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து போர்டின் முன்னால் நின்றார். நான் அவர்களுக்குப் பின்னால்.

"இன்னாது இது?"

"டிக்கெட்டு நைனா. ஆளுக்கு அரையணா" என்றான் ஸ்டூல்காரன்.

"எங்க போவுது?"

"எது?"

"டிக்கெட் குடுக்கிறியே, எங்க போவுது?"

"இது பார்க்கு நைனா. எங்கயும் போவாது."

"எங்கயும் போவாததுக்கு டிக்கெட் எதுக்கு?"

ஸ்டூல்காரன் பார்க்கைத் திரும்பிப் பார்த்தான். ஒருவேளை போகிறதோ என்று அவனுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்ததுபோல இருந்தது.

"யோவ், அந்தப் புள்ளயாண்ட இன்னா வழக்கு? குட்த்துட்டு வாய்யா. எனக்கு மூச்சு வாங்குது" என்றாள் அத்தை.

"குடுக்க மாட்டேன்மே. பார்க்கு நவுரல."

"காத்து நவுருதுல்ல? காத்துக்கு குடு!"

"காத்த இவனா இஸ்துகினு வர்றான்? அது கடல்லேர்ந்து தானா வருது. வேணும்னா கடலுக்கு குடுக்கறேன்."

அன்றிலிருந்து அவர்கள் வேலிக்கு வெளியே, நடைபாதையில் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். சந்தில் பாதிப் பேர் அவர்களோடு வந்து உட்கார்ந்தார்கள். வேறு வழியில்லை. எங்கள் சந்து மூட்டைக்காரர் வீட்டில் மட்டும் அரை டஜன் பிள்ளைகள். தினம் தலைக்கு அரையணா கொடுத்துப் புல்லைப் பார்க்க அவர் எங்கே போவார்? உள்ளே புல்லும் நிழலும் சும்மா கிடந்தன. வெளியே நாங்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, வேலிக்கு அந்தப் பக்கத்து ரேடியோவைக் கேட்டோம். பக்கத்திலேயே கரி லாரிகள் போகும். ஒவ்வொரு லாரிக்கும் அத்தை முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வாள்.

எனக்கு அப்போது ஆசிரியைப் பயிற்சி. ஊரைத் திருத்திவிடலாம் என்று ஒரு வேகம். பொதுநிலம் மக்கள் சொத்து என்று மனு எழுதினேன், கையெழுத்து வாங்கினேன், நடைபாதையிலேயே ஒரு கூட்டம்கூடப் போட்டேன். ஆவேசமாகப் பேசி முடித்து மாமாவைப் பார்த்தேன்.

"நல்லாத்தான் பேசுற டீச்சரம்மா. ஆனா முக்கியமானத உட்டுட்டியே."

"எதை மாமா?"

"அது நவுரலன்னு நீ சொல்லவே இல்லியே!"

ஒரு நாள் தொடர்ந்து லாரிகள் வந்தன. பூனை எழுந்தது. அத்தையின் மார்பு துருத்திமாதிரி ஏறி இறங்கியது. மாமா தோல்பையால் விசிறிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்தார். வாசலுக்குப் போனார். கையில் காசு இருந்தது, நான் பார்த்தேன். ஸ்டூல்காரன் டிக்கெட்டைக் கிழிக்கத் தயாரானான். மாமா வேலியோரம் உட்கார்ந்திருந்த மூட்டைக்காரரின் பிள்ளைகளைப் பார்த்தார். அவர்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காசைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

"அத்தே, நீங்கள் மட்டுமாவது உள்ளே போய் உட்காருங்களேன், நான் வாங்கித் தருகிறேன்" என்றேன்.

"அவரு வெளிய புழுதி துன்னுகினு இருப்பாரு, நான் உள்ள வேர்க்கடல துன்னுகினு இருக்கணுமா? மானம் போவும்டி" என்றாள், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. பிறகு அவரைப் பார்த்து, "கட்டிகினு வந்த நாள்லேர்ந்து இதே ரோதன. பாயில நவுந்து படுமேன்னு ஒருநாள் சொன்னியே, நவுந்தா டிக்கெட் கேப்பியோன்னு அன்னிக்கே நெனச்சேன்" என்றாள். மாமா சிரிக்கவில்லை. விசிறிக்கொண்டே இருந்தார்.

மறுநாளிலிருந்து அவர் வாசலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். யாராவது டிக்கெட் வாங்கி உள்ளே போனால் போதும், பின்னாலிருந்து ட்ராம் குரல் கிளம்பும். "மல்லிப் பாத்தி! மல்லிப் பாத்தி எறங்கு! புன்ன மரம் எறங்குறவங்கோ முன்னால வா! படில தொங்காத!" என்பார். உள்ளே போனவர்கள் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடுவார்கள். காதல் பண்ண வந்த ஒரு ஜோடி பாதி வழியில் திரும்பிப் போய்விட்டது. வசூல் இளைத்தது. ஸ்டூல்காரன் போய் முதலாளியிடம் முறையிட்டான்.

சோடாக்காரர் வந்தார். குட்டையான ஆள், உருண்டையான வயிறு. நடந்து வந்தால் வயிறு ஒரு கணம் முன்னால் வந்து சேரும். கெட்டவர் என்று சொல்ல முடியாது. தலைவலி, பல்வலி, கடன் தொல்லை எல்லாவற்றுக்கும் சோடாவே மருந்து என்று நம்புகிறவர். வாதத்தில் தோற்பதை மட்டும் அவரால் பொறுக்க முடியாது. மாமாவின் தத்துவத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்போ நவுந்தா குடுப்பே?"

"நவுந்தா குடுப்பேன்."

"எல்லார் எதிர்லயும் சொல்லு."

"எல்லார் எதிர்லயும்தான் சொல்றேன். நவுந்தா குடுக்காம போனா என்ன ட்ராம் கண்டக்டருன்னு கூப்டாதீங்கோ."

சோடாக்காரர் சிரித்துக்கொண்டே போனார். அவருக்குத் திருவொற்றியூரில் பட்டறை வைத்திருக்கும் மச்சான் இருந்தது எங்களுக்குத் தெரியாது.

ஒரு வாரம் வாசலில் கோணி கட்டி மறைத்து உள்ளே தட்டிக்கொண்டே இருந்தார்கள். பிறகு கோணியை அவிழ்த்தார்கள். சந்தே திரண்டு போய்ப் பார்த்தது. பழைய கப்பல் இரும்பில் செய்த ஒரு சுழல்கதவு. நடுவில் ஒரு தூண். தூணைச் சுற்றி ஆளுயரத்துக்கு நாலு கம்பிக் கதவுகள், காற்றாடி இறக்கைமாதிரி. இரண்டு பக்கமும் வளைந்த கம்பிச் சுவர். இறக்கைக்கும் இறக்கைக்கும் நடுவில் உள்ள அறையில் ஒரு ஆள் நின்று தள்ளிக்கொண்டே நடந்தால் அது சுற்றி அவரைப் பார்க்குக்குள் விடும். இன்னும் அரை வட்டம் தள்ளினால் மறுபடி தெருவில் விடும். வருவதற்கும் போவதற்கும் அதுவே வழி. சோடாக்காரர் பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா கண்டக்டரே? இப்ப நவுருதா?"

மாமா புதுவண்டியைப் பார்ப்பதுபோல அதைச் சுற்றிப் பார்த்தார். அச்சைக் குனிந்து பார்த்தார். இறக்கையை ஒரு விரலால் தள்ளினார். அது 'க்ர்ரீச்' என்று கொஞ்சம் நகர்ந்தது.

"நவுருது" என்றார், மெதுவாக.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூட்டைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "போச்சுரா" என்றார். சோடாக்காரரின் ஆட்கள் விசில் அடித்தார்கள். அத்தை ஒருத்திதான் முகம் மலர்ந்தாள்.

"நவுருதுன்னுட்டாரு! எல்லாரும் கேட்டீங்கல்ல? துட்ட எடுய்யா!"

மாமா எடுத்தார். இரண்டு டிக்கெட் வாங்கினார். அத்தை முதலில் போனாள். அவள் உடம்பு இறக்கைகளுக்கு நடுவில் கஷ்டப்பட்டுத்தான் நுழைந்தது. மாமா பின் இறக்கையைப் பிடித்துத் தள்ளி உள்ளே சேர்த்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகப் புன்னை மரத்தடிக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்து, காலை நீட்டினாள். ரேடியோவில் ஹரிகதை. எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அவள் தோள் இறங்கியதைக் கம்பி வழியாக நான் பார்த்தேன்.

அடுத்து மாமா ஏறினார். ஆம், ஏறினார் என்றுதான் சொல்ல வேண்டும். வலது காலை எடுத்து வைத்து, ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, காசால் கம்பியில் இரண்டு தட்டு தட்டினார். டிங் டிங். வண்டி புறப்பட்டது. பார்க் பக்கம் வந்தது. மாமா இறங்கவில்லை. தெருப் பக்கம் வந்தது. இறங்கவில்லை. மறுபடி பார்க் பக்கம்.

"ஏன்யா, உள்ள போயேன்!" என்றார் சோடாக்காரர்.

"உள்ள எதுக்கு? நான் டிக்கெட் வாங்குனது இதுக்கு. இதுதானே நவுருது. பார்க்கு நவுரலியே."

"இதுலயேவா சுத்தப் போறே?"

"எறங்குற எடம் வந்தா எறங்கிடறேன். டெர்மினஸ் எதுன்னு சொல்லு."

சோடாக்காரர் வாயைத் திறந்தார். மாமா அதற்குள் தெருப் பக்கம் போய்விட்டார். திரும்பி வரும் வரைக்கும் அவர் திறந்த வாயோடு காத்திருந்தார்.

"டெர்மினஸ் கெடையாது!"

"அப்ப எறங்கவே வேணாம்."

கூட்டத்துக்கு இப்போதுதான் உறைத்தது. மூட்டைக்காரர் முதலில் பாய்ந்தார். டிக்கெட் வாங்கிக்கொண்டு மாமாவுக்குப் பின் அறையில் ஏறிக்கொண்டார். அடுத்த அறையில் அவருடைய இரண்டு பிள்ளைகள். கடைசி அறையில் ஒரு மீன்காரப் பெண், கூடையோடு. நாலு அறையும் நிரம்பிச் சக்கரம் சுற்றியது. வெளியே ஒரு பெரிய வரிசை, அடுத்த சவாரிக்கு. "எடம் உடுறா!", "ஒரு ரவுண்டு போதும்னு சொன்னியே!", "கூடய கீழ வெய்யி, முதுவுல முள்ளு குத்துது!" என்று ஒரே கூச்சல். டிக்கெட் மளமளவென்று விற்றது. ஸ்டூல்காரன் சந்தோஷத்தில் கிழித்துக்கொண்டே இருந்தான். பார்க்குக்குள் போக நினைத்து வந்த கோட்டுப் போட்ட கனவான்கள் இருவர், வரிசையைப் பார்த்துவிட்டுக் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவர் கொஞ்ச நேரம் கழித்து, "நாமும் ஒரு சுற்று போகலாமா?" என்று மற்றவரைக் கேட்டது என் காதில் விழுந்தது. பார்க்குக்குள் ஒரே ஒரு ஆள், அத்தை.

அந்தக் கப்பல் இரும்புக்கு யாரும் எண்ணெய் காட்டவில்லை. சுற்றச் சுற்ற அது போட்ட சத்தம் இருக்கிறதே, தண்டையார்பேட்டை வரைக்கும் கேட்டிருக்கும். ஹரிகதை முழுக்க அதில் மூழ்கிவிட்டது. கதையில் நல்ல கட்டம் போலிருக்கிறது. அத்தை பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"யோவ்! நிறுத்துய்யா அத! கத கேக்கல!"

மாமாவுக்குக் கேட்கவில்லை. அத்தை வேகமாக வந்தாள். ஓடிவந்தாள் என்றே சொல்லலாம். ஓடக் கூடாத உடம்பு. வாசலுக்குப் பக்கத்தில் வந்ததும் கையை ஓங்கினாள், திட்டுவதற்கு வாயைத் திறந்தாள், வார்த்தை வரவில்லை. கையை மார்பில் வைத்துக்கொண்டு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சத்தம், எங்கள் சுவரைத் தாண்டி வருகிற அந்த விசில், இரும்புச் சத்தத்துக்குள்ளும் எனக்குத் தனியாகக் கேட்டது. மாமாவுக்கும் கேட்டது.

அவர் அப்போதுதான் பார்க் பக்கத்தைக் கடந்து தெருப் பக்கம் திரும்பியிருந்தார். அவளிடம் போக ஒரே அவசரம். சுற்றி வரப் பொறுமையில்லை. இறக்கையைப் பின்பக்கமாக முழுப் பலத்தோடு தள்ளினார். பின் அறையில் இருந்த மூட்டைக்காரர் அது தெரியாமல் முன்பக்கமாகத் தள்ளினார். மூட்டை தூக்குகிற தோள். அச்சு 'டங்' என்று ஒரு சத்தம் போட்டுக் கடித்துக்கொண்டது. பிறகு யார் தள்ளினாலும் அசையவில்லை. மூட்டைக்காரரும் பிள்ளைகளும் மீன்காரப் பெண்ணும் நின்ற அறைகளில் தெருப் பக்கமாக நெளிந்து வரச் சந்து இருந்தது. மாமா இருந்த அறை மட்டும் வளைந்த சுவரோடு சரியாகப் பொருந்தி நின்றுவிட்டது. வாசலும் அடைபட்டது. அத்தை உள்ளே, நாங்களெல்லாம் வெளியே, அவர் நடுவில் கம்பிக்குள்.

"அவளுக்கு இழுப்புய்யா! யாராவது போங்கய்யா! நிமித்தி உக்கார வெக்கணும், முதுவத் தடவணும்! அவளுக்கு யாருமே இல்லய்யா அங்க!"

மாமா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. கம்பிக்கு நடுவில் கையை விட்டு நீட்டினார், எட்டவில்லை. நான் வேலியில் ஏறப் போனேன்; புடவை முள்ளில் மாட்டிக்கொண்டது. அப்போதுதான் என் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"புடுங்குங்கடா!"

சோடாக்காரர். தம் சொந்த வேலியின் கம்பத்தைத் தாமே இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். "இன்னாடா பாத்துகினு கீறீங்க? புடுங்குங்கடா, பெரியம்மாவுக்கு மூச்சு நிக்குது!"

துறைமுகத்து ஆட்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். மூட்டைக்காரர் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டார். மற்றவர்களும் சுற்றிக்கொண்டார்கள். "ஐலசா!" என்று ஒரு இழுப்பு. கம்பங்கள் மண்ணோடு பெயர்ந்து வந்தன. இன்னொரு "ஐலசா!" வாசலிலிருந்து அந்த மூலை வரைக்கும் வேலி முழுசும் பாய் விரித்தமாதிரி படுத்துவிட்டது. பெண்களெல்லாம் அதன்மேல் பலகையைப் போட்டுத் தாண்டி ஓடினோம். மீன்காரப் பெண் அத்தையை நிமிர்த்தித் தன் மார்பில் சாய்த்துக்கொண்டாள். நான் முதுகைத் தடவினேன். டீக்கடையிலிருந்து வெந்நீர் வந்தது. அதற்கு முன்னாலேயே சோடாக்காரர் ஒரு கோலி சோடாவை உடைத்து எடுத்துக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரே ஒரு வாய் பெரியம்மா. எல்லாம் சரியாப் பூடும்."

மெதுவாக, மிக மெதுவாக, அந்த விசில் இறங்கியது. அத்தை வெந்நீர் குடித்தாள். சோடாக்காரரின் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, ஒரு வாய் சோடாவும் குடித்தாள். ஒரு ஏப்பம் விட்டாள். சோடாக்காரர் எங்களையெல்லாம் வெற்றியோடு பார்த்தார். அந்த வேலியை அவர் மறுபடி கட்டவே இல்லை. கட்டச் சொல்லி யாராவது கேட்டால், "அன்னிக்கி அந்தம்மா மூச்சுக்கு நான் ஆடிப்போனேன், நீயே வந்து கட்டு" என்று சொல்வாராம். வேறு யாரும் அந்தக் குத்தகைக்கு வரவில்லை.

"இன்னாமே, எப்டி கீது?" என்று கம்பிக்குள்ளிருந்து மாமா கூப்பிட்டார்.

அத்தை திரும்பிப் பார்த்தாள். இறக்கைகளுக்கு நடுவில், மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோல்பையோடு நின்றார். கிளிக்கூண்டில் மாட்டிய கழுகுமாதிரி இருந்தது.

"எனக்கு இன்னா, நல்லா கீது. பட்டறைக்காரன் வர்ற வரிக்கும் நீ அங்கியே இரு. அப்பதான் நான் நிம்மதியா கத கேப்பேன்."

திருவொற்றியூருக்கு ஆள் போயிருந்தது. இருட்டுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. அத்தையைப் பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்தோம். ரேடியோ இப்போது தெளிவாகக் கேட்டது. வெளியே நடைபாதையில் சந்து ஜனங்கள் சாக்குகளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, படுத்துக் கிடந்த வேலியையும் அந்தப் பக்கம் புல்லையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேலி இல்லை. ஆனாலும் யாரையாவது கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும்போல ஒரு தயக்கம். மூட்டைக்காரரின் கடைசிப் பிள்ளை ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு, சோடாக்காரரைப் பார்த்து அதை மறுபடி எடுத்துக்கொண்டது.

கம்பிக்குள்ளிருந்து காசு தட்டுகிற சத்தம் கேட்டது. டிங் டிங்.

"இன்னா யோசன? ஏறு, ஏறு! நிக்காத, உள்ள போ! இன்னும் உள்ள போ, எடம் எவ்ளோ கீது பாரு! ஏம்மா, கொழந்தய எறக்கி உடு, அது நடக்கட்டும்! அண்ணே, முன்னால போய்க்கினே இரு!"

அவர்கள் உள்ளே போய்க்கொண்டே இருந்தார்கள்.